ஒரு நாள் முன்னால் போனவன்

முப்பத்தொரு வயதில் ‘ஓய்வு பெற்றவன்’ என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வேலை இன்றைக்கு இல்லை. அந்த வேலையைப் பார்த்தவனும் நான் ஒருவன்தான். ஆக, அந்தத் துறையில் ஓய்வு பெற்ற ஒரே ஆளும் நானே. சங்கம் ஆரம்பித்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாப் பதவிக்கும் போட்டியின்றித் தேர்வாகிவிடுவேன்.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள்.

“மொதநாளு அண்ணனுங்களா?”

அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டு இரண்டு வருடம் இருக்கும். கையில் தக்காளி நாற்றுத் தட்டு. அதைக் கீழே வைத்துவிட்டு “ஆமா” என்றேன்.

“நான் பவித்ராண்ணா. தனம் செட்டுல புதுசா சேந்திருக்கேன், உறுமி வாசிக்கிறேன். அக்கா உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னாங்க.”

“என்னாத்த?”

“ஒரு ஊருக்கு மொத நாளு போனா என்னா பண்ணணும்னு. எழுதியே அனுப்பிடுங்கண்ணா. போன்ல சொன்னா மறந்துடுவேன்.”

அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. அவளுக்குத் தேவையானதைவிட நீண்டுவிட்டது.

தருமபுரிப் பக்கத்துக்காரர்களுக்குத் தனம் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பறை, பம்பை, உறுமி, கூடவே ஒரு கிதார், ஒரு கீபோர்டு. தலைவி தனம் அக்கா. பறையும் அடிப்பார், பாடவும் செய்வார். திருவிழா, காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். ஆனால் இரண்டு நிபந்தனை. முதல் பாட்டை அந்த ஊர் ஆள் ஒருவர் பாட வேண்டும். அந்த ஊரிலேயே பாடுகிற பாட்டு. இரண்டாவது அடியிலிருந்து செட்டு சேர்ந்துகொள்ளும். ஆட்டமெல்லாம் முடிந்தபிறகு ஊர்க்காரர்களும் செட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் நிபந்தனையை எல்லோரும் ஆசையாக ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவதையும் ஒத்துக்கொள்வார்கள், வாயால். அது நிஜமா என்று பார்க்க ஒரு நாள் முன்னால் ஓர் ஆள் போக வேண்டும். அந்த ஆள்தான் மொதநாளு.

நான் சேர்ந்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, போட்டித் தேர்வு வகுப்பில் பாதி, செல்போன் கடையில் பாதி என்று அலைந்துகொண்டிருந்தேன். கல்லூரி விழா ஒன்றில் செட்டைப் பார்த்தேன். அன்றைக்கே அவர்கள் வேனில் ஏறிக்கொண்டேன் என்று சொன்னால் மிகையில்லை. பறை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை. சில மாதம் பார்த்துவிட்டு, செட்டின் மூத்த பறைக்காரன் மாது தீர்ப்புச் சொன்னான்.

“அக்கா, இவன் கையில தாளம் நிக்க மாட்டேங்குது. காலு மட்டும்தான் நிக்காம ஓடுது. பேசாம முன்னாடி அனுப்பிடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரமே என்னை முன்னாடி அனுப்பிவிட்டார்கள்.

பவித்ரா, வேலை இப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் விழாக் குழுவிடம் போகக் கூடாது. அவர்களிடம் போனால் ஊரின் நல்ல சட்டையைத்தான் காட்டுவார்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேள். தண்ணீர் எதில் வருகிறது என்று பார். எவர்சில்வர் சொம்பிலா, பிளாஸ்டிக் டம்ளரிலா. இப்போதெல்லாம் யாரும் முகத்தில் அடித்த மாதிரி எதுவும் சொல்வதில்லை. தூக்கியெறியும் டம்ளர் வந்தபிறகு எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. அது மரியாதை மாதிரியே இருக்கும். அடுத்த வீட்டிலும் கேள். கோவிலுக்கு அந்தப் பக்கத் தெருவிலும் கேள்.

குடிக்கும்போது ஒரு கேள்வி வரும். “எந்த ஊரு தம்பி? யாரு வூட்டுப் பையன்?” ஊர் கேட்பது ஊருக்காக இல்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை போனபோது நான் நேர்மையாக அரூர்ப் பக்கம், இன்னார் மகன் என்று சொல்லிவிட்டேன். உடனே உள்ளே கூப்பிட்டு வாழை இலை போட்டார்கள். சந்தோஷமாக அக்காவிடம் சொன்னேன்.

“நீ என்னா ஆளுன்னு சொன்னதுக்குப் போட்ட சோறுடா அது,” என்றார் அக்கா. “உனக்குப் போட்டாங்க. எங்களுக்குப் போடல.”

அதன் பிறகு என் பதில் ஒன்றேதான். “நாளைக்கு வர்றவங்கள்ல ஒருத்தனுங்க.” எத்தனை விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபிறகும் யார் வீட்டில் உட்காரச் சொல்கிறார்களோ, அந்த வீட்டில் சாப்பிட வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் பட்டினி.

அடுத்தது பாடும் ஆள். ‘இந்த ஊர்ல யாரு நல்லா பாடுவாங்க’ என்று கேட்டுவிடாதே. டிவி போட்டிக்குப் போய் வந்த பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்; அவன் ஒலிப்பதிவு வரைக்கும் கையோடு வைத்திருப்பான். ‘பாடிப் பாடியே திட்டு வாங்கறது யாரு’ என்று கேள். மொத்தத் தெருவும் ஒரே வீட்டைக் கை காட்டும். ஆள் கிடைத்தால் உட்கார்ந்து கேள். உடனே போனை நீட்டாதே. கடைசியில் நம் கிதார்க்காரன் டேவிட்டைப் போனில் கூப்பிட்டு, பாடுபவரையே இரண்டு அடி பாடச் சொல். சுருதியை அவன் பிடித்துக்கொள்வான். நீ பாடிக் காட்டக் கூடாது. நான் ஒரு முறை பாடிக் காட்டினேன். “ண்ணா, லைன் சரியில்ல போல, மாடு கத்தற சத்தம் கேக்குது,” என்றான்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வரும். அந்த நேரம் அவர் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருப்பார். பின்னால் விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘ஊர் எப்படி, கூட்டம் வருமா, மேடை எவ்வளவு’ எதுவும் கேட்க மாட்டார். ஒரே கேள்விதான்.

“யாரு வூட்ல சாப்ட்ட?”

பெயர் சொன்னால் “ம்” என்பார், வைத்துவிடுவார். நான் ஒரு நொடி இழுத்தால் போதும், தட்டும் சத்தம் நின்றுவிடும். நல்லா பண்ணினே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போனை வைக்கும்முன் ‘சரிடா’ என்றுகூடச் சொல்ல மாட்டார். அவர் ஒரு முறை ‘சரிடா’ என்று சொன்னபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் இருந்த மாதுவிடம் சொன்னாராம்.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சீசனில் ஊருக்கு அடுத்து ஊர் வந்துகொண்டே இருக்கும். செட்டு ஓர் ஊரில் ஆடும் நாளில் மொதநாளு அடுத்த ஊரில் இருக்க வேண்டும். ஆக, எந்தப் பந்தி நடக்க வேண்டும் என்று வீடு வீடாக நின்றேனோ, அந்தப் பந்தியில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. சீசனின் கடைசி நிகழ்ச்சி எப்போதும் தருமபுரியில் ஏதாவது மண்டபத்தில் இருக்கும். அதற்கு நானும் போவேன். அங்கே எல்லோருக்கும் பொட்டலப் பிரியாணி.

சித்தேரி மலையில் ஒரு முறை இப்படி ஆனது. முதல் நாள் மலைப் பஸ்ஸில் ஏறிப் போனேன். சாமை சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். பாட ஓர் ஆள் கேட்டால் நான்கு பேர் வந்து நின்றார்கள். மறுநாள் காலை அதே பஸ்ஸில் இறங்கினேன். பாதி வழியில், ஒரு வளைவில், எதிரே செட்டு வேன் ஏறி வந்தது. வழி விடுவதற்காக பஸ் ஓரமாக நின்றது. வேன் ஜன்னலில் மாது பாதி உடம்பை வெளியே நீட்டிப் பறையை அடித்தான். “மொதநாளு, சோறு எப்படி?” என்று கத்தினான். நான் கையால் சூப்பர் என்று காட்டினேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வேன் மேலே போய்விட்டது, நாங்கள் கீழே வந்துவிட்டோம். பக்கத்துச் சீட்டில் இருந்த ஆள், “உங்க ஆளுங்களா?” என்றார். “ஆமாங்க,” என்றேன். “நீங்க மட்டும் ஏன் எறங்கிப் போறீங்க?” என்றார்.

இப்போது சின்னபாப்பா விஷயம். பவித்ரா முக்கியமாகக் கேட்டதும் இதுதான்: ஊர் இரண்டு விதமாக நடந்துகொண்டால் என்ன செய்வது?

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம், மலை அடிவாரத்தில் ஓர் ஊர். பேரைச் சொல்லவில்லை. நான் போனபோது நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசை பிசகாமல் நட வயலின் குறுக்கே கயிறு கட்டி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தார் நிலத்துக்காரர் கோவிந்தன். அவர்தான் விழாக் குழுத் தலைவர் என்பது பிறகு தெரிந்தது. சேற்றில் பெண்கள். அதில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், நிமிராமலே எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள்.

*கரையிலே நிக்கிறவரே, காலு நனையலையா*
*கயித்தப் புடிச்சி நிக்கிறவரே, கையி வலிக்கலையா*

கோவிந்தன் சிரித்துக்கொண்டே, “வலிக்குது வலிக்குது, சீக்கிரம் நடுங்க,” என்றார். கரையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் செருப்பும் நனையவில்லை.

அந்த அம்மாதான் சின்னபாப்பா. மதியம் கஞ்சி குடிக்கக் கரையேறியபோது விஷயத்தைச் சொன்னேன்.

“மைக்குலயா? கரண்டு அடிக்காதா?”

“இவ பாடினா கரண்டு தானா ஓடிப்போயிடும்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“நீ வாய மூடு. ஏன் தம்பி, இந்தக் கரப் பாட்டையா? சாமி பாட்டு பாடட்டா?”

“இதேதாங்க.”

நடவு முடிந்ததும் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் வந்தது. எந்த ஊர் என்ற கேள்வி வந்தது. என் பதிலைச் சொன்னேன். “அப்ப உக்காரு,” என்று களி உருண்டையும் கீரையும் வைத்தார். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மருமகள் பீரோவைத் திறந்து புடவை எடுத்து வைக்க, பக்கத்து வீட்டுக்காரி இது வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பச்சை எடுக்காது என்றாள். சின்னபாப்பா புடவையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் கோவிந்தனைப் பார்த்து, பந்தி பற்றிக் கேட்டேன். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நன்றாகத்தான் பேசினார்.

“சாப்பாடா? தாராளமா தம்பி. பாட்டுக்காரங்க, கிதாருக்காரரு எல்லாம் பந்தியில. பறைக்காரங்களுக்குப் பார்சல் கட்டி வண்டிக்கே அனுப்பிடறோம். அதே சாப்பாடுதான். நெய்யெல்லாம் போட்டு.”

“நாங்க எல்லாரும் ஒண்ணாதாங்க சாப்புடறது. முன்னாடியே சொல்லியிருந்தோம்.”

“அது உங்க எடத்துல. இது ஊரு. நான் ஒருத்தன் முடிவு பண்றதா இருந்தா என் வூட்லயே போடுவேன். டீயக் குடிங்க, ஆறிடும்.”

இந்த மாதிரி ஊர்களுக்கு முன்பும் போயிருக்கிறேன். அங்கே யாரும் எனக்குச் சோறு போட்டிருக்க மாட்டார்கள். அக்கா ‘வரல’ என்று சொல்லிவிடுவார். நான் பஸ் ஏறிவிடுவேன். இங்கே சோறும் கிடைத்திருக்கிறது, ஆளும் கிடைத்திருக்கிறார், ஒரு பச்சைப் புடவையும் கட்டில்மேல் எடுத்து வைத்திருக்கிறது.

போன் வந்தது. “யாரு வூட்ல சாப்ட்ட?”

“சின்னபாப்பான்னு ஒரு அம்மா வூட்லக்கா.”

“அப்புறம் ஏன் இழுக்கற?”

சொன்னேன். தட்டும் சத்தம் நின்றது.

“அந்தம்மா எங்க சாப்புடுவாங்க?”

“எந்தம்மா?”

“பாடறவங்கதான்டா. நாளைக்கு அவங்க நம்ம செட்டுதானே. நம்மகூடதானே சாப்புடணும். வண்டிக்குப் பார்சல் வருதுன்னா அவங்களுக்கும் வண்டியிலதான். போய் அவங்ககிட்ட சொல்லு. வரணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்.” வைத்துவிட்டார்.

திரும்ப அந்த வீட்டுக்கு நடந்த தூரம் கொஞ்சம்தான். இயற்பியல் படித்தவன், தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தெரியும். அன்றைக்கு அது வேலை செய்யவில்லை.

சொன்னேன். மருமகள் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மகன் குமார் எழுந்து நின்றான்.

“வேணாம்மா. அவரு வயலுக்குத்தான் நாளைக்கும் நாம போவணும். பாட்டு பாடிட்டு எல்லாரும் போயிடுவாங்க. நாம எங்க போறது?”

சின்னபாப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நாளைக்கு நீ எங்க சாப்புடுவ?”

“நான் இருக்க மாட்டேங்க. காலையில அடுத்த ஊருக்குப் போயிடுவேன்.”

“நல்லா இருக்குதே. என் தலையில தூக்கி வெச்சிட்டு நீ பஸ் ஏறிடுவ.”

பக்கத்து வீட்டுக்காரி, “அதுக்குன்னே ஒரு ஆளு வெச்சிருக்கறாங்க பாரேன்,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சின்னபாப்பா மருமகள் கையிலிருந்து புடவையை வாங்கி மறுபடி பிரித்துக் கட்டில்மேல் போட்டார். “வரச் சொல்லு. வண்டியில உக்காந்து தின்னா சோறு எறங்காதா என்னா.”

மறுநாள் காலை அக்காவுக்கு நானே போன் செய்தேன். அதுவரை நானாகப் போன் செய்ததில்லை. “அக்கா, இன்னிக்கு ஒரு நாளு நான் இங்கயே இருந்துக்கறேனே.”

“பொம்மிடிப் பக்கம் ஊரு காத்துக்கிட்டிருக்குது. நீ அங்கயே இருந்தா அந்த ஊர்ல நமக்கு யாருடா இருக்கறா?”

பஸ் ஏறினேன்.

அன்றைக்கு நடந்தது எனக்குக் காதால் வந்தது மட்டும்தான். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மாது சொன்னபடி, சின்னபாப்பா மைக்கைப் பிடித்து, கோவிந்தனை நேராகப் பார்த்து, அவர் பேரையே போட்டு அந்தப் பாட்டைப் பாட, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கோவிந்தனும் சிரித்தார். ஆட்டம் முடிந்து பார்சல் வந்தது. சின்னபாப்பா தன் பொட்டலத்தை வாங்கி வேன் படியில் உட்கார்ந்து பிரித்தார். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. அப்புறம் கோவிந்தன் சாம்பார் வாளியோடு நடந்து வந்தார்.

“வந்து என்னா சொன்னாரு?” என்று மாதுவைக் கேட்டேன்.

“பார்சல்ல சாம்பார் பத்தாதுன்னாரு. எனக்கு ரெண்டு கரண்டி ஊத்தினாரு மொதநாளு. ரெண்டு கரண்டி.”

டேவிட் சொன்னான், “அவரு ஒண்ணுமே பேசலண்ணா. குனிஞ்சி ஊத்திட்டுப் போயிட்டாரு. உக்காரல.”

அக்காவிடம் கேட்டேன். “சாம்பார்ல உப்பு கம்மி,” என்றார்.

ஒரு மனிதர் வாளியோடு எத்தனை தூரம் நடந்து வந்தார், எதைப் பார்த்துக்கொண்டு ஊற்றினார், அப்போது சின்னபாப்பாவின் முகம் எப்படி இருந்தது, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். இன்றுவரை தெரியாது. அதே நேரம் நான் பொம்மிடி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். நான் போயிருந்த ஊரில் அன்றைக்கு யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பக்கம் போனபோது சின்னபாப்பா வீட்டுக்குப் போனேன். விழாக் குழு எங்களை மறுபடி கூப்பிடவில்லை. கோவிந்தனின் வயலுக்குச் சின்னபாப்பாவைக் கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். வேலைக்குச் சொல்லிவிட வருகிற ஆள் இவர் வீட்டைத் தாண்டிப் போய்விடுவானாம். இப்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். குமார் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

“பாட்டு போச்சுன்னு நெனைக்காத,” என்றார் சின்னபாப்பா. “அந்த ஊர்லயும் ஒருத்தன் கரையில நிக்கிறான். அவனுக்கும் இதே பாட்டுதான்.”

களி போட்டார். நான் பாதி சாப்பிட்டபோது கேட்டார். “அன்னிக்கி நீ சாப்ட்டியா?”

அக்காவின் கேள்வியும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அக்கா வேலைக்காகக் கேட்டார். இவர் எதற்காகவும் கேட்கவில்லை. “சாப்ட்டேங்க,” என்றேன். யார் வீட்டில் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. செட்டுக்குப் பேர் வந்தது. வெளியூர், கல்லூரி, கம்பெனி நிகழ்ச்சி என்று அழைப்பு வந்தது. அங்கெல்லாம் முதல் நாள் போக ஒன்றும் இல்லை. கிராமங்களிலிருந்தும் பாடுகிற ஆளின் வீடியோவைப் போனிலேயே அனுப்பினார்கள், லொகேஷனோடு. ‘எல்லாரும் ஒண்ணா சாப்பாடு’ என்று அடியில் ஒரு வரி, ஒரு கும்பிடு. ஒரு சீசனில் எனக்கு வந்த போன் குறைந்தது. அடுத்த சீசனில் வரவில்லை. வேலை நின்றது என்று தெரிவதற்கே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது; பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பிறகு மாரண்டஹள்ளியில் ஒரு நாற்றுப் பண்ணையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. நிழல் வலைக்குக் கீழே குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று. ஒரு குழிக்கு ஒரு செடி. மாடியில் வாடகை அறை. சாப்பாடு மெஸ்ஸில். தண்ணீர் கேன். அப்பா அம்மா அரூர்ப் பக்கம் தம்பி வீட்டில் இருக்கிறார்கள்; ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். குறை ஒன்றும் இல்லை.

பவித்ரா ஏன் போன் செய்தாள் என்பதைச் சொல்லவில்லையே. போன மாதம் வீடியோவை நம்பி ஓர் ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மாதுவுக்கும் அக்காவுக்கும் வேனுக்குப் பார்சல் வந்திருக்கிறது. அந்த ஊரில் படியில் வந்து உட்கார யாரும் இல்லை. அக்கா தருமபுரி வந்து இறங்கும்போது, “மொதநாளுக்குப் போன் போட்டு எப்படின்னு கேளு,” என்றாராம்.

“அடுத்த ஆட்டம் எங்க?” என்று கேட்டேன்.

“உங்க ஊர்லதாண்ணா. மாரண்டஹள்ளி. உங்க தெருக் கோவிலு.”

எனக்கு அது தெரியாது. போஸ்டர் ஒட்டியிருந்ததாம்.

வேலையைப் பற்றி எழுதியதை மட்டும் அவளுக்கு அனுப்பிவைத்தேன். நேற்று மதியம் வந்தாள். தோளில் ஒரு பை, காலில் சேறு, வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். “சொல்லுங்கண்ணா. இந்தத் தெருவுல பாடிப் பாடித் திட்டு வாங்கறது யாரு?”

நான் யோசித்தேன். சித்தேரியில் யார் என்று கேட்டால் நான்கு பேரைச் சொல்வேன். பென்னாகரம் பக்கம், பொம்மிடிப் பக்கம், பாலக்கோடு பக்கம் ஊர் ஊராகச் சொல்வேன். இந்தத் தெருவில் எனக்கு ஒருவர் பேரும் தெரியாது.

“சரி, அத வுடுங்க. யாரு வூட்ல சாப்புடறது? உங்க வூட்லயே சாப்ட்டுடட்டா?”

“இது வூடு இல்ல. ரூமு. அடுப்பு இல்ல.”

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கேன், ஒரு டம்ளர், ஜன்னல். கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. “நீங்க எழுதினதுதானே, மொதல்ல தண்ணி,” என்று சொல்லிப் படியில் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலே போனேன்.

எதிர் வீட்டு வாசலில் நின்று, “அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க,” என்றாள். ஜன்னல் வழியாக நான் தினமும் பார்க்கும் வீடு. செருப்புகள், ஒரு சைக்கிள், காயும் துணி. உள்ளேயிருந்து என் அம்மா வயதில் ஒருவர் வந்தார். கையில் சொம்பு, எவர்சில்வர். பவித்ரா குடித்தாள்.

“எந்த ஊரும்மா?”

“நாளைக்கு வர்றவங்கள்ல ஒருத்திங்க. பறை செட்டு.” தண்ணீர் இன்னும் வாயில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள். அந்த அம்மா அவளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதன் முடிவு எப்படியும் போகலாம். சொம்பை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“நீங்க எந்த ஊருங்க?”

பழகிய பதில் நாக்கு வரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது உரிமை இல்லை. அரூர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

“எதிர் வூட்டு மாடிங்க,” என்றேன்.

அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னை. “நீங்கதானா அது? ரெண்டு வருசமா லைட்டு எரியறதப் பாக்கறேன். யாருன்னே தெரியல. உள்ள வாங்க, ரெண்டு பேரும். ரசம் மட்டும்தான் இருக்குது.”

உட்கார்ந்தோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டு. பவித்ரா சாப்பிட்டுக்கொண்டே பந்தி விஷயத்தை எடுத்தாள்; நான் எழுதியதைவிட நன்றாகவே பேசினாள். அந்த அம்மா அப்பளம் பொரித்து வைத்தார். உள்ளே போய் யாருடனோ போனில் கொஞ்ச நேரம் பேசினார். குரல் ஏறியது, இறங்கியது. திரும்பி வந்து, “தெருவுல மத்தவங்க என்னா சொல்லுவாங்களோ, அது எனக்குத் தெரியாது. எங்க வாசல்ல போட்டுக்கலாம்,” என்றார். “எத்தன பேரு?”

“ஒம்போது பேருங்கக்கா.”

அவர் ரசக் கரண்டியால் என் பக்கம் காட்டினார். “இவர சேத்தா, சேக்காமயா?”

பவித்ரா என்னைப் பார்த்தாள்.

“சேத்துங்க,” என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை போலிருக்கிறது. அந்த அம்மா குனிந்து, “என்னாங்க?” என்றார்.

மறுபடியும் சொன்னேன்.